குள்ளமான பையன் ரக்பி லீக் ஆடலாமா? ராப் பரோவின் வாழ்க்கையை முன்வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வி மூன்றே வரிதான். "என் 10 வயது மகன் வகுப்பிலேயே குள்ளம். ராப் பரோ போல ரக்பி லீக் ஆடப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். அவர் அந்த விளையாட்டால்தானே நோய் வந்து இறந்தார்?" மேலோட்டமாகப் பார்த்தால் இது இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் அணிக்கு ஆடி, பின்னர் மோட்டார் நியூரான் என்ற நரம்பு நோயால் இறந்த ஒரு வீரரின் மரணத்தைப் பற்றிய கேள்வி. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவ்வளவு சிறிய மனிதர் அவ்வளவு முரட்டு ஆட்டத்தில் எப்படித் தாக்குப் பிடித்தார்? அவருக்கு வந்த நோய்க்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டா? என் பிள்ளையை அனுப்பலாமா? மூன்றாவதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். ஆனால் முதல் இரண்டையும் ஒழுங்காகச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்வது நேர்மையாகாது.

நான் மேற்கு யார்க்‌ஷயரில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நரம்பு நோயாளிகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். மருத்துவரும் அல்ல, ஆராய்ச்சியாளரும் அல்ல. ராப் பரோவுக்கு நான் சிகிச்சை அளித்ததில்லை. அவருடைய உடல்நிலை பற்றி ஊரறிந்ததற்கு மேல் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் ஆடுவதைப் பல பருவங்கள் நேரில் பார்த்திருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில், மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஒரு பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு என்னை லீட்ஸ் அணியின் ஹெடிங்லி மைதானத்தின் தெற்குப் பக்கத்துக்கு அழைத்துப் போனார். மழையில் நனைந்தபடி நின்றுகொண்டே பார்க்கும் இடம் அது. "ஏழாம் எண்ணை மட்டும் பார், மற்றதெல்லாம் தானாகப் புரியும்" என்றார். அது ராப் பரோவின் சட்டை எண். அன்றிலிருந்து அந்த ஏழாம் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் ஆய்வுகளைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும். ரக்பி என்ற பெயரில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்தின் கழகங்கள் கூடித் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த வீரர்கள் ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. பிரிந்து போனது நாளடைவில் ரக்பி லீக் ஆனது. பழையது ரக்பி யூனியன். லீகில் ஓர் அணிக்கு 13 பேர், யூனியனில் 15 பேர். லீகில் பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் பிடித்துச் சாய்த்தால் அவர் எழுந்து நின்று, பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இப்படி 6 முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் எதிரணியின் தடுப்பு வரிசை 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். பாடிப் போகிறவரை வளைத்துப் பிடிக்கும் நம் கபடியை நினைத்துக்கொண்டால் இந்த ஆட்டத்தின் உயிர் பிடிபடும். லீட்ஸ், காசில்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டன், வேக்ஃபீல்ட் போன்ற ஊர்களில் இது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும் குடும்பச் சொத்து.

ராப் பரோ அந்த மண்ணின் பிள்ளை. 1982 செப்டம்பர் 26 அன்று பான்டிஃப்ராக்டில் பிறந்தார். ஃபெதர்ஸ்டன் லயன்ஸ் என்ற சிறுவர் அணியில் தொடங்கி, லீட்ஸ் ரைனோஸ் கழகத்தின் இளைஞர் பயிற்சியில் சேர்ந்து, 2001-இல் முதல் அணிக்கு ஆடினார். அந்த ஆண்டே, ரக்பி லீகின் முதல்நிலைத் தொடரான சூப்பர் லீகின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. உயரம் 5 அடி 5 அங்குலம், அதாவது 1.65 மீட்டர். எதிரில் நின்றவர்களில் பலர் 100 கிலோவைத் தாண்டியவர்கள், ஓர் அடி உயரம் கூடியவர்களும் உண்டு. சூப்பர் லீகிலேயே மிகச் சிறிய வீரர் என்ற அடைமொழி அவரோடு ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவர் ஒரே கழகத்துக்காக 17 பருவங்களில் 492 ஆட்டங்கள் ஆடினார்.

எப்படி முடிந்தது? "மன உறுதி" என்று பத்திரிகைகள் எழுதும். மன உறுதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உடலின் இயக்கத்தைப் படித்த எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. சட்டத்தின்படி பெரிய உடல்கள் ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் 10 மீட்டர் பின்னே ஓடி, திரும்பி, மறுபடி முன்னே வர வேண்டும். நடுவில் நின்று தடுக்கும் வீரர் ஓர் ஆட்டத்தில் 30, 40 முறை இன்னொரு பெரிய உடலைப் பிடித்துச் சாய்க்கிறார். முதல் பாதியின் கடைசி 10 நிமிடங்களில் அவருடைய தொடைகள் கனத்துப்போகும். மூளை "திரும்பு" என்று சொன்ன பிறகு கால் திரும்ப அரை நொடி கூடுதலாக ஆகும். பரோவின் ஆட்டம் முழுவதும் அந்த அரை நொடிக்குள்தான் நடந்தது. கீழே உருண்டு வரும் பந்தை எடுப்பவரை டம்மி ஹாஃப் என்பார்கள். அந்த இடத்தில் அவர் குனிந்து பந்தை எடுத்த கணமே ஓடத் தொடங்கிவிடுவார். உடலின் எடைமையம் தாழ்வாக இருந்ததால் முழு வேகத்திலும் இடமும் வலமும் வெட்டித் திரும்ப முடிந்தது. உயரமானவர் அவரைப் பிடிக்க முட்டியை மடக்கித் தாழ வேண்டும். தாழ்ந்து முடிப்பதற்குள் அவர் கடந்துபோயிருப்பார். அவருடைய முதல் 5 மீட்டர் வேகம் நான் பார்த்த எந்த ஆட்டக்காரரிடமும் இல்லாதது.

தடுப்பில்தான் சிக்கல். சிறியவர் நிற்கும் இடத்தைத் தேடி எதிரணி தன் மிகப் பெரிய வீரரை ஓடவிடும். 80 நிமிடமும் அதைத்தான் செய்வார்கள், அதில் இரக்கம் கிடையாது. பரோ நெஞ்சுக்கு நேராக மோதாமல் கால்களைக் கட்டிப் பிடித்து விழவைப்பார், பக்கத்தில் நிற்பவர் மேலே வந்து முடிப்பார். அடி படவே இல்லை என்று சொல்லமாட்டேன். விழுந்து, எழுந்து, தலையை உதறிக்கொண்டு வரிசைக்குத் திரும்பியதை நானே பலமுறை பார்த்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அதற்குக் கைதட்டினோம். இன்று அதே காட்சியைப் பார்த்தால் என் கை எழாது.

அவர் வந்தபோது லீட்ஸ் லீக் பட்டம் வென்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972-க்குப் பிறகு 2004-இல்தான், பிராட்ஃபோர்டை 16-8 என்று வீழ்த்தி மறுபடி பட்டம் வந்தது. கெவின் சின்ஃபீல்ட் அணித் தலைவர். டேனி மெக்வையர், ஜேமி ஜோன்ஸ்-புக்கனன், பரோ என்று பயிற்சிக் காலத்திலிருந்தே ஒன்றாக வளர்ந்த பையன்கள் சேர்ந்து எடுத்த பட்டம் அது. பிறகு 2007, 2008, 2009, 2011, 2012, 2015, 2017 என மொத்தம் 8 இறுதிப் போட்டிகளை பரோ வென்றார். 2014-இலும் 2015-இலும் சேலஞ்ச் கோப்பை, ஆஸ்திரேலிய சாம்பியன்களோடு மோதும் உலகக் கழகப் போட்டியில் 3 வெற்றி, இங்கிலாந்துக்கும் கிரேட் பிரிட்டனுக்கும் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் என்று பட்டியல் நீளும். அதைவிட ஓர் இரவைப் பற்றிச் சொல்லவே ஆசைப்படுகிறேன்.

2011 அக்டோபர், மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் செயின்ட் ஹெலன்ஸுக்கு எதிரான இறுதிப் போட்டி. லீட்ஸ் அந்தப் பருவம் அட்டவணையில் ஐந்தாம் இடம்தான். பரோவுக்குத் தொடக்க அணியில் இடமில்லை, மாற்று வீரராக உட்கார்ந்திருந்தார். எட்டாம் வகுப்புப் பையன் போன்ற உடலோடு 29 வயதில் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவர் என்ன ஆவார் என்று நாங்கள் கவலைப்பட்ட காலம். முதல் பாதி முடியும் தறுவாயில் டம்மி ஹாஃப் இடத்திலிருந்து பந்தை எடுத்தார். இரண்டு பேர் கைநீட்டிய இடைவெளியில் தலையைக் குனிந்து அவர்களுடைய கைகளுக்கு அடியில் நுழைந்தார். இன்னொருவரை வெட்டித் திரும்பிக் கடந்தார். கடைசியாக நின்ற பால் வெலன்ஸை ஏமாற்றி, ஏறத்தாழ 50 மீட்டர் ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தார். புள்ளி தரும் இதைத்தான் டிரை என்பார்கள். இரண்டாம் பாதியில் செயின்ட் ஹெலன்ஸ் 16-8 என்று முன்னே போனபோதும் ஆட்டத்தைத் திருப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு. லீட்ஸ் 32-16 என்று வென்றது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான ஹாரி சண்டர்லண்ட் விருதுக்கு வாக்களித்த செய்தியாளர்கள் அத்தனை பேரும் அவர் பெயரையே எழுதினார்கள். உங்கள் மகன் அந்த ஓட்டத்தைத்தான் காணொளியில் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்த எந்தக் குள்ளமான பையனும் வீட்டில் சும்மா இருக்கமாட்டான்.

2017 அக்டோபரில் காசில்ஃபோர்டை 24-6 என்று வென்ற இறுதிப் போட்டியோடு ஓய்வு பெற்றார். கழகத்திலேயே இளம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகள்தான். பேச்சில் குழறல் வந்தது. 2019 டிசம்பரில், 37 வயதில், மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது.

இந்த நோயைப் பற்றி நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கட்டளை வராத தசை மெலிகிறது. சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில், சிலருக்குப் பேச்சிலும் விழுங்குவதிலும். கடைசியில் மூச்சுத் தசைகள். தொட்டால் தெரியும், காது கேட்கும், கண்ணின் அசைவு பெரும்பாலும் கடைசிவரை தப்பிவிடும். குணப்படுத்தும் மருந்து இல்லை. ரிலுசோல் என்ற மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தரும். முகமூடி வழியாக மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி அதைவிடப் பெரிய உதவி. நோய் உறுதியானவர்களில் பாதிப்பேருக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். நீங்கள் நினைக்குமளவு அரிதும் அல்ல, வாழ்நாளில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு. அதனால்தான் 37 வயதில் ஒரு விளையாட்டு வீரருக்கு வந்தபோது எல்லோரும் உடனே மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்த்தது தவறில்லை. இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய 7,000-க்கும் மேற்பட்ட முன்னாள் கால்பந்து வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. வீரர்கள் நரம்பு சிதைவு நோய்களால் இறப்பது ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. அதே குழுவினர் 2022-இல், ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் ரக்பி யூனியன் வீரர்களை ஆராய்ந்தார்கள். நரம்பு சிதைவு நோய்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மோட்டார் நியூரான் நோயை மட்டும் தனியே எடுத்தால் 15 மடங்கு. இந்த 15 என்ற எண்தான் தலைப்புச் செய்தியாகி உங்களைப் போன்ற பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்தது.

இதில் உறுதியானது எது? திரும்பத் திரும்பத் தலையில் அடிபடும் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம், ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது, பிற்காலத்தில் நரம்பு சிதைவு நோய்கள் அதிகம். மறதி நோயைப் பொறுத்தவரை இதை இனி யாரும் எளிதில் மறுக்க முடியாது. சந்தேகத்துக்கு உரியது எது? மோட்டார் நியூரான் நோயில் அந்த மடங்குக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்பது. 412 பேர் கொண்ட குழுவில் இந்த நோய் வந்தவர்கள் மிகச் சிலர். எண்ணிக்கை அவ்வளவு சிறியதாக இருந்தால், இரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும் மடங்கு தாறுமாறாக மாறும். ஆய்வாளர்களே இந்த எச்சரிக்கையைத் தந்திருக்கிறார்கள். அவர்கள் யூனியனில் உச்சத்தில் ஆடியவர்கள், முந்தைய தலைமுறையினரும் அதில் அடக்கம். அதை அப்படியே லீகுக்கோ, வாரம் ஒருநாள் ஆடும் பிள்ளைகளுக்கோ பொருத்த முடியாது.

காரணம் தலையடிதானா என்பதும் முடிவாகவில்லை. ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள் சிலர் வேறு பக்கம் பார்க்கிறார்கள். சில மரபணுக் கூறுகளோடு பிறந்தவர்களுக்கு, மிகக் கடுமையான உடற்பயிற்சி நோயைத் தூண்டும் காரணிகளில் ஒன்றாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இது மிதமாக ஓடியாடும் கோடிக்கணக்கானோருக்கான எச்சரிக்கை அல்ல. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குக் குடும்ப வரலாறு இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. தலையடி, கடும் பயிற்சி, மரபணு மூன்றும் ஒரே வீரரின் உடலில் சேர்ந்திருக்கும்போது எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது இன்றைய அறிவியலுக்கு எட்டவில்லை. என் வார்டில் இந்த நோயோடு படுத்தவர்களில் தையல்காரர் இருந்தார், பள்ளி ஆசிரியை இருந்தார், வாழ்நாளில் பந்தைத் தொடாத கணக்காளர் இருந்தார்.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில் இது. "அந்த விளையாட்டால்தானே இறந்தார்" என்பதில் உள்ள அந்தத் "தானே"க்கு ஆதாரம் இல்லை. "விளையாட்டுக்கும் நோய்க்கும் சம்பந்தமே கிடையாது" என்று சொல்லும் விசிறிகளுக்கும் ஆதாரம் இல்லை. ஒரு கூட்டத்தின் கணக்கை வைத்து ஒரு தனி மனிதரின் மரணத்துக்குக் காரணம் எழுத முடியாது. மருத்துவமனையில் குடும்பத்தினர் "ஏன் இவருக்கு?" என்று கேட்கும்போது நான் தரையைப் பார்க்காமல் அவர்கள் கண்ணைப் பார்த்து "தெரியவில்லை" என்று சொல்லப் பழக எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அவருடைய கடைசி நான்கரை ஆண்டுகளையும் உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் தெரிந்த அடுத்த மாதமே ஹெடிங்லியில் பழைய நண்பர்களோடு ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் களமிறங்கினார். மைதானம் நிரம்பி வழிந்தது. 2020 டிசம்பரில் சின்ஃபீல்ட், நண்பரின் சட்டை எண்ணை மனதில் வைத்து, 7 நாட்களில் 7 மாரத்தான் ஓடினார். 77,777 பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பரோவின் குரல் போன பிறகு, முன்பு பதிவுசெய்திருந்த தன் குரலில் கணினி பேச, கண் அசைவால் எழுத்துகளைத் தேர்ந்து பேசினார். அப்படியே 2022-இல் பிபிசியின் குழந்தைகள் அலைவரிசையில் தூங்கும் நேரக் கதையும் சொன்னார். நோய் தெரிந்த புதிதிலேயே குரலைப் பதிவுசெய்து வையுங்கள் என்று என்னைப் போன்றவர்கள் மன்றாடியும் கேட்காத நோயாளிகள், அதைப் பார்த்த பிறகு தாங்களாக முன்வந்தார்கள். 2023 மே மாதம் அவர் பெயரில் லீட்ஸில் நடந்த மாரத்தானில் சின்ஃபீல்ட் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே ஓடி, முடிவுக் கோட்டுக்கு முன் நின்று, கைகளில் தூக்கிக் கொண்டுபோய்க் கடந்தார். 2024 ஜூன் 2 அன்று பரோ 41 வயதில் இறந்தார். லீட்ஸில் அவர் பெயரிலான சிகிச்சை மையத்தின் கட்டுமானம் மறுநாளே தொடங்கியது. அந்த ஆண்டிலிருந்து இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்குத் தருவது ராப் பரோ விருது.

இனி உங்கள் மகன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அனுப்புவேன், சில நிபந்தனைகளோடு. உடலோடு உடல் மோதாமல், இடுப்பில் செருகிய பட்டையை இழுப்பதையே பிடிப்பாகக் கொள்ளும் டேக் ரக்பியில் தொடங்கட்டும். சிறியவனின் காலுக்கு வேகமும் வெட்டும் அங்கேதான் பழகும். மோதல் ஆட்டத்துக்குப் போகும்போது முதலில் கற்க வேண்டியது தாழ்ந்து, தலையை எதிராளியின் உடலுக்கு வெளிப்பக்கம் வைத்துப் பிடிப்பது. பயிற்சியாளர் அதைச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்று இரண்டு வாரம் ஓரமாக நின்று பாருங்கள். அது இல்லாமல் "மோது, மோது" என்று கத்துகிறவராக இருந்தால் வேறு கழகம் தேடுங்கள். பல்லுக்கு வாய்க்காப்பு வாங்குங்கள், ஆனால் அதுவோ தலைக்கவசமோ மூளையதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

மூளையதிர்ச்சி வர மயங்கி விழவேண்டியதில்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, பெயர் சொல்லி அழைத்தால் தாமதமாகத் திரும்புவது, காரணமில்லாத அழுகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்போ அசாதாரணத் தூக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு. இங்கிலாந்தில் 2023-இல் வந்த பொது வழிகாட்டுதலின்படி முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு படிப்படியாகப் பள்ளியும் நடையும் ஓட்டமும், 21 நாட்களுக்கு முன் போட்டி கிடையாது. 20-ஆம் நாள் இறுதிப் போட்டி வந்தாலும் கிடையாது. பையன் அழுவான், பயிற்சியாளர் முகம் சுளிக்கலாம், அந்த ஒரு நாள் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். அடுத்த பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவனை ஹெடிங்லிக்கு அழைத்து வாருங்கள், தெற்குப் பக்கம். மழைக்கோட்டு மறக்க வேண்டாம்.